முப்பது பெயர் எண்ணும் வரை

ஜனவரி 20, செவ்வாய்

இந்த டைரியை ரெஜினா கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். எலும்பு ஆஸ்பத்திரியிலிருந்து செவ்வாயும் சனியும் வந்து என் காலை மடக்கி நீட்டிவிடுகிற பிசியோதெரபிப் பெண் அவள். தினமும் எத்தனை கிலோ இழுத்தேன் என்று இதில் எழுதிவைக்க வேண்டுமாம். எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்பு படித்தவளுக்கு எண் எழுதத் தெரியாதா. ஆறாம் வகுப்புக்கு அனுப்பாமல் என்னைத் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்க உட்காரவைத்தவர் என் தாய்மாமன் அருணாசலம். அவர் செத்து நாற்பத்தோரு வருஷம் ஆகிறது. செத்துப்போனார் என்பதற்காக மன்னித்துவிட முடியுமா.

இழுப்பது எதை என்றால், பேத்தி அபர்ணா பெங்களூரிலிருந்து அனுப்பிய ஒரு மிஷினை. காலை வைக்க ஒரு பலகை. பலகையிலிருந்து கிளம்பும் பட்டை நாடா. அதில் இடுப்பு பெல்ட்டில் இருப்பதுபோல வரிசையாக ஓட்டைகள். நாடாவின் நுனியில் கைப்பிடி. நடுவில் ஒரு சின்ன டப்பா, இழுத்தால் அதில் கிலோ தெரியும். நாற்காலியில் உட்கார்ந்து, பலகையை இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டு கைப்பிடியை மேலே இழுக்க வேண்டும். நாடா ஒரு நூல்கூட நீளாது. பலகையும் அசையாது. அசையாத ஒன்றை எதற்கு இழுக்க வேண்டும் என்று ரெஜினாவிடம் கேட்டேன்.

"அசையாததை இழுத்தாத்தான் பாட்டி சதைக்கு பலம். எலும்புக்கு ஆட்டம் இல்லாம பலம் மட்டும் ஏறும்" என்றாள்.

இன்று 3.1 கிலோ. என் வயது எழுபத்திரண்டு. என் பெயர் தங்கபுஷ்பம். இது என் டைரி என்று எழுதிவைக்கிறேன், ஏனென்றால் இந்த வீட்டில் என்னுடையது என்று வேறொன்றும் இல்லை.

ஜனவரி 22, வியாழன்

3.3.

மகன் தனபாலன் சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன். நாளைக்கு மாற்றிப் பேசுவான். ஏப்ரல் பதினொன்றாம் தேதிக்குள் நான் பன்னிரண்டு கிலோவை முப்பது எண்ணும்வரை இழுத்து நிறுத்த வேண்டும். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்திருக்க வேண்டும். இரண்டும் முடிந்தால் கோவில்பட்டியில் என் வீட்டுக்குப் போய்த் தனியாக இருந்துகொள்ளலாம். முடியாவிட்டால் மே முதல் தேதியிலிருந்து அந்த வீட்டை அட்டைப்பெட்டி கம்பெனிக்காரர் குடோனாக எடுத்துக்கொள்வார். நான் இந்தப் பாளையங்கோட்டையில், மூன்றாம் மாடியில், மருமகள் போடுகிற உப்பில்லாத சோற்றைத் தின்றுகொண்டு கிடக்க வேண்டும்.

என் அடுப்பிருந்த இடத்தில் அட்டைப்பெட்டி.

ஜனவரி 24, சனி

விழுந்த கதையை ரெஜினா கேட்டாள். சொன்னேன். கார்த்திகை முடிந்த ஞாயிற்றுக்கிழமை, கோவில்பட்டியில் பித்தளை விளக்குகளைப் பரணில் திரும்ப வைக்க ஸ்டூலில் ஏறினேன். மகனும் மருமகள் சுகிர்தாவும் அன்றைக்கு வந்திருந்தார்கள். சுகிர்தா ஸ்டூல் பக்கத்தில் வந்து நின்று ஸ்டூலை ஆட்டிவிட்டாள். விழுந்தேன். தொடை எலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் முறிவு, உள்ளே தகடு. அவ்வளவுதான் கதை. என் நினைவில் பிசகே கிடையாது.

இழுக்கும்போது நான் மூச்சை அடக்கிக்கொள்கிறேனாம். பிரஷர் ஏறிவிடும் என்று பயப்படுகிறாள். வாய்விட்டு எண்ணினால் மூச்சு அதுபாட்டுக்குப் போய்வரும், ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணுங்கள் என்றாள். எண்ணினேன். ஏழில் மறந்துவிட்டது. எண்களுக்கு முகம் கிடையாது, எப்படி நினைவில் நிற்கும்.

அப்புறம்தான் வழி கண்டுபிடித்தேன். ஒரு எண்ணுக்கு ஒரு பெயர். எனக்குக் கெடுதல் செய்தவர்கள் பெயர். சுகிர்தா. தாய்மாமன் அருணாசலம். எட்டு மாத வயிற்றோடு இருந்த என்னை உட்காரவிடாமல் நின்றுகொண்டே வேலை பார்க்கவைத்த மேஸ்திரி சண்முகையா. என் கல்யாணச் சேலையைத் தன் நிச்சயதார்த்தத்துக்குக் கட்டிக்கொண்டு போய்க் கற்பூரம் பட்ட ஓட்டையோடு திருப்பிக்கொடுத்த நாத்தனார் வேலம்மாள். ஒவ்வொன்றும் பல்லில் கடித்த மாதிரி வந்தது. பத்துப் பெயர் சொல்லும்வரை நாடா தளரவில்லை.

"யாரு பாட்டி இவங்கல்லாம், சொந்தக்காரங்களா?" என்றாள் ரெஜினா.

"பாதிப் பேர்" என்றேன்.

4.4.

ஜனவரி 31, சனி

5.0. பதினொரு பெயர்.

ஒன்று எழுத வேண்டும். சுகிர்தா எனக்கு இடது கையால் சோறு போடுகிறாள். முதலில் கண் மயக்கமோ என்று நினைத்தேன். ஒரு வாரமாகக் கவனித்துவிட்டேன். காப்பி டம்ளர் இடது கை. ரசம் ஊற்றுவது இடது கை. மாத்திரை நீட்டுவது இடது கை. எங்கள் பக்கத்தில் பிச்சைக்காரனுக்குக்கூட இடது கையால் போடமாட்டோம். சொல்லிக் காட்டுகிறாளாம், நீ இந்த வீட்டில் என்ன இடத்தில் இருக்கிறாய் என்று. புருஷனுக்கும் அப்படித்தானே போடுகிறாள் என்று எவராவது கேட்பார்கள். அவன் தட்டைப் பார்த்தா தின்கிறான். போனைப் பார்த்துத் தின்கிறான்.

நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் தீர்ந்துபோகும். வைத்திருந்தால்தான் எண்ண உதவும்.

பிப்ரவரி 3, செவ்வாய்

5.2. வலி. மழை இல்லாமலே முழங்கால் மழைக்காலம் மாதிரி இருக்கிறது.

பிப்ரவரி 7, சனி

5.9. பதிமூன்று பெயர்.

ரெஜினா எனக்குச் செய்துமுடித்ததும் நேரே செருப்பு மாட்டிக்கொண்டு போவதில்லை. அடுக்களைக்குள் போய்க் கால் மணி நேரம் இருக்கிறாள். கதவு சாத்திக்கொள்கிறது. உள்ளே குசுகுசு. என்னைப் பற்றித்தான். வேறென்ன பேச்சு இருக்கிறது இவர்கள் இருவருக்கும். ஒருதடவை "இன்னும் கொஞ்சம், அவ்ளோதான், விட்ருங்க" என்று ரெஜினா சொன்னது காதில் விழுந்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள், கிழவியை விட்டுவிடு என்று அர்த்தம்.

ரெஜினாவைப் பதினான்காவது பெயராகச் சேர்த்துவிட்டேன்.

பிப்ரவரி 11, புதன்

மேல்தட்டில் இருக்கிற பருப்பு டப்பாவை இறக்க சுகிர்தா எதிர்வீட்டு டீச்சரைக் கூப்பிடுகிறாள். ஐம்பது வயது ஆகவில்லை, அதற்குள் கையைத் தூக்க இவ்வளவு சோம்பல்.

பிப்ரவரி 17, செவ்வாய்

7.0. பதினாறு பெயர்.

மிஷினில் யாரோ கை வைக்கிறார்கள். சாயங்காலம் நான் முடித்துவிட்டு நாடாவை ஏழாவது ஓட்டையில் மாட்டி வைக்கிறேன். காலையில் நாலாவது ஓட்டையில் இருக்கிறது. இது ஒன்று. இரண்டாவது, அந்த டப்பா கடைசியாக இழுத்த எண்ணை விடாமல் வைத்திருக்கும். பொத்தானை அழுத்தினால்தான் அழியும். நேற்று நான் விட்டது 6.8. இன்று காலையில் பார்த்தால் 1.9. என் உழைப்பை அழித்துவிட்டு 1.9 என்று கேலி செய்கிறது மாதிரி நின்றுகொண்டிருக்கிறது. மிஷினைக் கெடுத்தால் பன்னிரண்டு எங்கிருந்து வரும். வீடு எங்கிருந்து வரும்.

யார் என்று எழுத வேண்டியதில்லை.

பிப்ரவரி 19, வியாழன்

காலையில் 2.2.

பிப்ரவரி 21, சனி

7.6. என் பெயர்கள் பதினெட்டோடு முடிந்துவிட்டன. முப்பது வேண்டுமே. நேற்று முழுக்க யோசித்துச் சின்னச் சின்னக் கணக்குகளையும் இழுத்துக்கொண்டு வந்தேன். எட்டயபுரம் ரோட்டில் கைப்பிள்ளையோடு நின்ற எனக்கு நிறுத்தாமல் போன பஸ் டிரைவர். பெயர் தெரியாது, மீசை தெரியும், அதனால் மீசைக்காரன். கிரகப்பிரவேசத்துக்கு அழுகின தேங்காய் கொடுத்த பூக்கடை லெட்சுமி. என் மகன் கறுப்பு என்று தொட்டிலைப் பார்த்துச் சொன்ன மூன்றாவது வீட்டுக்காரி. இப்போது இருபத்தொன்று.

மருமகளின் தலைப்பின்னல் ஒரு மாதமாகக் கோணலாக இருக்கிறது. முன்னே நேராகப் பின்னுவாள். சொல்லமாட்டேன்.

பிப்ரவரி 28, சனி

8.1. கை ஊன்றாமல் ஒருதடவை எழுந்துவிட்டேன். உட்காரும்போது விழுந்தமாதிரி உட்கார்ந்தேன், அதனால் பாதிதான் கணக்கு என்றாள் ரெஜினா. பதினான்காவது இடத்திலிருந்து அவளை ஒன்பதாவது இடத்துக்கு ஏற்றினேன்.

விழுந்த அன்றைக்கு நடந்ததில் ஒரு திருத்தம். சுகிர்தா ஸ்டூலை ஆட்டவில்லை. பிடித்துக்கொண்டிருந்தாள். "நான் ஏறி வைக்கிறேன் அத்தே, நீங்க எடுத்துக் குடுங்க" என்று முதலில் சொன்னாள். என் மாமியார் கொடுத்த விளக்கை அவள் கையில் கொடுக்க எனக்கு மனமில்லை. அதனால் நான் ஏறினேன், அவள் பிடித்தாள். பிடித்த பிடி சரியில்லை. அதனால் விழுந்தேன். இரண்டும் ஒன்றுதான்.

மார்ச் 5, வியாழன்

நாடாவின் ஏழாவது ஓட்டைக்குள் ஒரு சிவப்பு நூலைக் கட்டி வைத்தேன். பார்ப்போம்.

மார்ச் 6, வெள்ளி

நூலைக் காணோம். நாலாவது ஓட்டை. 4.2.

மார்ச் 8, ஞாயிறு

9.0 இழுத்தேன், ஆனால் இனி இழுத்து என்ன.

மகன் வீட்டிலிருக்கிற நாளாகப் பார்த்துக் கேட்டுவிட்டேன். தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். உன் பொண்டாட்டி என் மிஷினைக் கெடுக்கிறாள், என்னைக் கோவில்பட்டிக்குப் போகவிடாமல் முடமாக்கிப்போட நினைக்கிறாள் என்றேன். நூல் கட்டியதையும் சொன்னேன், எண்களைத் தேதியோடு சொன்னேன். அதோடு நிற்காமல் இடது கைச் சோற்றையும் சொன்னேன்.

சுகிர்தா தோசைக்கல் பக்கத்தில் திரும்பாமல் நின்றாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவன் அவளையும் திட்டவில்லை, என்னையும் திட்டவில்லை. கையைக் கழுவினான், மிஷினைத் தூக்கினான், பீரோ மேலே வைத்தான். ஆறடிப் பீரோ. அவன் உயரத்துக்கு எட்டும்.

"ரெண்டு பேருக்கும் இது வேண்டாம். எம்மா, நீ பேசாம இங்கயே இரு. அட்டைப்பெட்டிக்காரர்ட்ட நாளைக்கே பேசிருதேன்."

மதியம் நான் சாப்பிடவில்லை. அவளும் சாப்பிடவில்லை என்று நினைக்கிறேன். அது எனக்கெதற்கு.

மார்ச் 9, திங்கள்

இன்றைக்கு நிறைய எழுத வேண்டும்.

அவன் ஒன்பது மணிக்கு ஆபீசுக்குப் போனான். நான் வாக்கரைத் தள்ளிக்கொண்டு போய்ப் பீரோ முன்னால் நின்றேன். கைப்பிடி விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. எட்டவில்லை. திரும்பிப் பார்த்தால் வாசல்படியில் சுகிர்தா. அவளும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எதிர்வீட்டு டீச்சரைக் கூப்பிடு என்றேன். பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள், சாயங்காலம்தான் வருவார்கள் என்றாள். சாயங்காலம் இவன் வந்துவிட்டால் மிஷின் மேலேயேதான் கிடக்கும். அவள் பால்கனிக்குப் போய் ஸ்டூலைக் கொண்டுவந்தாள். தூக்கவில்லை, இடது கையால் தரையில் இழுத்துக்கொண்டு வந்தாள். டைல்ஸ் கீறுமே என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன்.

ஏறப்போனவள் நின்றாள். ஸ்டூலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"பிடிச்சுக்கிடுவீங்களா?"

எனக்கு நின்று பிடிக்கத் தெம்பில்லை. நாற்காலியை நெருக்கிப் போடச்சொல்லி உட்கார்ந்தேன். மிஷின் பலகையை மிதிக்கிறமாதிரி ஸ்டூலின் கீழ்ச்சட்டத்தில் இரண்டு காலையும் வைத்து மிதித்தேன். இருக்கை விளிம்பை இரண்டு கையாலும் என் பக்கம் இழுத்துப் பிடித்தேன். அவள் ஏறினாள். அவள் எடை முழுக்க என் கைக்கு வந்தது. மூச்சை அடக்கிக்கொண்டேன். அடக்கக்கூடாது என்று நினைவு வந்து எண்ண ஆரம்பித்தேன். பழக்கதோஷம், முதல் பெயர் அதுபாட்டுக்கு வந்தது. சுகிர்தா.

மேலேயிருந்து குரல். "மொதப் பேரே நான்தானா?"

"பேசாம எடு" என்றேன். அருணாசலம். சண்முகையா. வேலம்மாள்.

இடது கையால் பலகையைப் பிடித்து விளிம்புவரை இழுத்துவிட்டாள். ஒரு கைக்கு அடங்காத கனம் அது. வலது கையையும் கொடுக்க வேண்டும். வலது கை மேலே போயிற்று. தோள் உயரம் வந்ததும் கண்ணுக்குத் தெரியாத எதிலோ இடித்தமாதிரி அப்படியே நின்றுவிட்டது. கீழேயிருந்து அவள் முகம் எனக்குத் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். பிரசவ வலிக்காரி முகம்.

"கையை எடுத்துராதீங்க அத்தே."

எடுக்கவில்லை. எடுத்தால் என்ன ஆகும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும். மீசைக்காரன், பூக்கடை லெட்சுமி, மூன்றாவது வீட்டுக்காரி என்று வந்துகொண்டேயிருந்தது. அவள் பலகையை நெஞ்சோடு அணைத்துச் சரித்து, தாடையால் முட்டுக்கொடுத்து, ஒரு காலாகக் கீழே வந்தாள். கீழே கால்வைத்தபோது இருபத்தாறாவது பெயர். ஸ்டூல் ஒரு நூல்கூட அசையவில்லை.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினோம். எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"கார்த்திகை முடிஞ்ச ஞாயித்துக்கெழமைல இருந்து" என்றாள். தோளில் தசைநார் பாதி கிழிந்திருக்கிறதாம். ரெஜினா அடுக்களையில் வைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள், என் மிஷினில், நாலாவது ஓட்டையில், நின்றுகொண்டு இழுக்க. விடியற்காலையில் நான் எழுந்திருக்கும் முன்னால் இழுத்திருக்கிறாள். அந்த 1.9 அவள் கை. 4.2-ம் அவள் கைதான்.

ஏன் சொல்லவில்லை என்றேன்.

"யார்ட்ட சொல்ல? நான் ஸ்டூலை ஆட்டித்தான் விழுந்தீங்கன்னு ஆஸ்பத்திரில வார்டு பூரா சொன்னீங்க. ஆயா வந்து என்னைப் பாத்துட்டுப் போனா. அப்புறம் என் தோளைப் பத்தி என்னத்தைச் சொல்ல." உட்கார்ந்து புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உங்களை நான் முடமாக்கி வைக்கப் பாக்கேன்னு சொன்னீங்களே நேத்து. அத்தே, நீங்க எழுந்து நடந்து உங்க வீட்டுக்குப் போகணும்னு உங்களைவிட எனக்குத்தான் அவசரம். நான் நாள் எண்ணிக்கிட்டிருக்கேன்."

முப்பது வருஷத்தில் அவள் என்னிடம் சொன்ன முதல் நிஜம் இது.

சாயங்காலம் வந்தவன் மிஷின் எப்படிக் கீழே வந்தது என்று கேட்டான். "எறங்கி வந்துச்சு" என்றேன். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. அட்டைப்பெட்டிக்காரரிடம் இன்னும் பேசவில்லையாம்; பேச ஏப்ரல் பதினொன்று வரைக்கும் உனக்கு வாய் கிடையாது என்றும் சொன்னேன். போனை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மார்ச் 10, செவ்வாய்

9.4.

ஒன்றை எழுதாமல் விட்டிருந்தேன். என் நினைவில் பிசகு கிடையாது, எழுதத்தான் கை வரவில்லை.

விழுந்த அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஸ்டூலில் ஏறியதும் அவள் கை விளிம்பைப் பிடித்திருந்தது. அது என் கணுக்காலில் பட்டது. "கையை எடு" என்றேன். "விழுந்துருவீங்க அத்தே" என்றாள். "எடுன்னா எடு" என்றேன். எடுத்தாள். இரண்டாவது விளக்கை வைக்கும்போது ஸ்டூல் சாய்ந்தது. நான் தரையில் விழும் முன்னால் வேறொன்றின் மேல் விழுந்தேன். மெத்தென்று இருந்தது. எலும்பு முறிகிற சத்தம் என்னிடமிருந்து வந்தது. இன்னொரு சத்தம், துணி கிழிகிற மாதிரி, அது என்னிடமிருந்து வரவில்லை.

அவ்வளவுதான். வேறு ஒன்றும் இல்லை.

மார்ச் 14, சனி

9.9. இருபத்தேழு.

இப்போது ஒழுங்கு வந்திருக்கிறது. காலை ஆறு மணி அவள், ஏழு மணி நான். என்னுடையது ஏழாவது ஓட்டை, அவளுடையது நாலாவது. மாற்றி மாட்டிவிட்டுப் போவது அவரவர் வேலை. நேற்று மறந்துவிட்டாள், சத்தம் போட்டேன். அவள் இழுக்கும்போது எண்களைத்தான் எண்ணுகிறாள், வாய்க்குள்ளேயே. அல்லது அவளிடமும் பெயர்கள் இருக்கும். முதல் பெயர் யாராக இருக்கும் என்று கேட்கத் தேவையில்லை.

சாம்பாரில் உப்பில்லை. சொன்னேன். பிரஷருக்கு அவ்வளவுதான் போடுவேன் என்றாள். முறைத்தேன். அவளும் முறைத்தாள்.

மார்ச் 24, செவ்வாய்

10.7. மூன்று தடவை எழுந்தேன். நாலாவதில் கை தானாக நாற்காலிக் கையைத் தேடியது. அடுக்களை வாசலிலிருந்து "கை, கை" என்று அதட்டினாள். எடுத்துவிட்டேன். எழுந்துவிட்டேன். அவள் அதட்டியதற்காக அல்ல.

அவளுடையது 6.3.

ஏப்ரல் 4, சனி

11.6. இருபத்தொன்பது பெயர். முப்பதாவது கிடைக்கவில்லை. எழுபத்திரண்டு வருஷத்தில் முப்பது பேர்கூடவா எனக்குத் துரோகம் செய்யவில்லை என்று யோசித்தால் கேவலமாக இருக்கிறது. இருபத்தொன்பதில் நாடா தளர்ந்துவிடுகிறது. கை ஓய்ந்து அல்ல. சொல்ல ஆளில்லாமல்.

மகன் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துச் சுகிர்தாவிடம் கேட்டேன், யாராவது விட்டுப்போயிருக்கிறார்களா என்று. முப்பது வருஷமாக என் பேச்சைக் கேட்டவள் அவள்தானே. கொஞ்சம் யோசித்தாள். "நீங்க யாரையும் விடுற ஆளா அத்தே" என்றாள்.

ஏப்ரல் 7, செவ்வாய்

காலையில் காப்பியை வலது கையால் கொண்டுவந்தாள். டம்ளர் தந்தியடித்தது. தட்டில் பாதி, அவள் சேலையில் பாதி. "இடது கையாலேயே குடு. காப்பித்தூள் விக்கிற விலைக்கு" என்றேன். கொடுத்தாள். குடித்தேன்.

ஏப்ரல் 11, சனி

டாக்டரை வரச்சொல்லவில்லை. ரெஜினாவே பார்த்து எழுதிக்கொடுத்தால் போதுமாம். மகன் சோபாவில், கையில் போன் இல்லாமல். சுகிர்தா அடுக்களை வாசலில்.

எழுந்திருப்பது முதலில். ஐந்தும் எழுந்தேன்.

அப்புறம் மிஷின். ஏழாவது ஓட்டை. மிதித்தேன், இழுத்தேன். 12.0 வந்தது, 12.2 வந்தது. எண்ண ஆரம்பித்தேன். வழக்கமாகத் தொடங்கும் பெயரைச் சொல்லவில்லை. அருணாசலம் என்று தொடங்கினேன். வாசல் பக்கம் ஒரு பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. சண்முகையா, வேலம்மாள் என்று போய்க்கொண்டேயிருந்தேன். ரெஜினாவின் பெயரும் அவள் முகத்துக்கு நேரே வந்தது, அவள் சிரித்தாள். கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்காதே என்று கண்ணாலேயே சைகை காட்டினேன்.

ஒன்றை விட்டுவிட்டதால் இருபத்தெட்டிலேயே பெயர்கள் முடிந்துவிட்டன. தோள் எரிந்தது. தொடையில் தகடு இருக்கும் இடம் தெரிந்தது. என் வீட்டு அடுப்பும் அதன்மேல் அட்டைப்பெட்டியும் தெரிந்தன. நாடா தளரவில்லை. இருபத்தொன்பதும் முப்பதும் ஒரே பெயரை இரண்டுதரம் சொன்னேன். அந்தப் பெயருக்கு இரண்டுதரம் தகும்.

"முடிஞ்சுது பாட்டி, விடுங்க விடுங்க" என்றாள் ரெஜினா. மிஷினில் 12.4 நின்றது. கடைசியாகச் சொன்னது யார், இதுவரைக்கும் கேட்காத பெயராக இருக்கிறதே என்று கேட்டாள்.

"உன் ஃபைல்ல மேல எழுதியிருக்கும். பாத்துக்கோ" என்றேன்.

மகன் அட்டைப்பெட்டிக்காரருக்குப் போன் போட பால்கனிக்குப் போனான். வேண்டாம் என்று சொல்லத்தான். முகம் நன்றாக இல்லை. நாளைக்கு மறுபடி விழுந்தால் என்ன செய்வாய் என்று கேட்டான். உன்னைக் கூப்பிடமாட்டேன் என்றேன்.

ஏப்ரல் 15, புதன்

துணிமணி கட்டியாயிற்று. மகன் காரில் கொண்டுவிடுகிறான். மிஷினை எடுத்து டிக்கியில் வைக்கப்போனான். வேண்டாம், அது கனம், அங்கே என்னால் தூக்கி இறக்க முடியாது என்றேன். சனிக்கிழமை பன்னிரண்டு கிலோ நாலு கிராம் இழுத்தாயே என்றான். கிராம் இல்லையடா, புள்ளி நாலு என்றேன். இழுப்பது வேறு, தூக்குவது வேறு என்றும் சொன்னேன். அவனுக்குப் புரியவில்லை. ஆபீசர்.

சுகிர்தா லிப்ட் வரைக்கும் வந்தாள். கதவு மூடும்போது, "பரண் மேல ஏறாதீங்க" என்றாள். உத்தரவு போடுகிறாள்.

நாடாவை நாலாவது ஓட்டையில் மாட்டி வைத்துவிட்டுத்தான் வந்தேன்.

மே 2, சனி

என் வீடு. என் அடுப்பு. என் உப்பு.

ஸ்டூல் விழுந்த இடத்தில் தரை சின்னதாகப் பெயர்ந்திருக்கிறது. பூசச் சொல்லவில்லை. தினமும் அம்மிக்கல்லைக் காலால் மிதித்துக்கொண்டு சேலையைச் சுற்றி இழுக்கிறேன். எண் காட்டாது. எனக்கே தெரியும் எத்தனை என்று.

பட்டியலைச் சரிபார்த்தேன். சுகிர்தாவை எடுத்துவிடவில்லை. முப்பது வருஷ உப்பில்லாத குழம்பு, என் பேச்சுக்கு நடுவில் எழுந்துபோனது, என் தம்பி சாவுக்கு வந்து ஒரு மணி நேரத்தில் கிளம்பியது, இதெல்லாம் இல்லையென்று ஆகிவிடுமா. முதலிடத்திலிருந்து பதினேழாவது இடத்துக்கு இறக்கியிருக்கிறேன். முதலிடம் காலியாக இல்லை. அங்கே இருக்கிறவள் விளக்கேற்றி, சோறாக்கி, இந்த டைரியை எழுதிக்கொண்டிருக்கிறாள்.

சாயங்காலம் போன் வந்தது. எப்போதும் மகன்தான் பேசுவான். இன்று அவள். நலமா என்று கேட்கவில்லை.

"ஒம்போது புள்ளி ரெண்டு" என்றாள்.

"கை எதுவரைக்கும் போகுது?"

"காது வரைக்கும்."

"போதாது" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பித்தளை விளக்குகள் இன்னும் கூடத்தில்தான் இருக்கின்றன. பரணில் ஏற்ற வேண்டும். அவள் கை பரண்வரை எட்டும் நாளில் வந்து ஏற்றட்டும். ஸ்டூலை நான் பிடித்துக்கொள்கிறேன்.